கொடியா, செடியா, குட்டையா? மாடிக்கு எந்தத் தக்காளி

ஆவணி பிறந்தால் போதும், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். கறுப்புத் தக்காளி வாங்கலாமா, பச்சைக் கோடு போட்டது வாங்கலாமா, அந்தச் சின்ன மஞ்சள் பேரிக்காய் மாதிரி இருக்கிறதே அது நன்றாக வருமா? எல்லோரும் நிறத்தையும் படத்தையும் வைத்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது கொடியா, செடியா?

அவரை விதை வாங்கும்போது இதைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. பந்தல் போட இடம் இருந்தால் கொடி அவரை, இல்லாவிட்டால் செடி அவரை. தக்காளியிலும் இதே பிரிவு உண்டு, கூடவே குட்டை என்று மூன்றாவது வகையும் உண்டு. நாம் பார்த்து வளர்ந்த தக்காளியெல்லாம் இடுப்பளவுக்கு மேல் போகாததால் அது நம் கவனத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டுச் சிறப்பு ரகங்கள் என்று இப்போது விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கொடிகள். செரோக்கி பர்பிள், பிளாக் கிரிம், பிராண்டிவைன், கிரீன் ஜீப்ரா, சான் மார்சானோ, சன்கோல்ட் எல்லாமே ஆறடிக்கு மேல் ஏறுபவை. படத்தில் பழம்தான் இருக்கும், கொடி இருக்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இரண்டு பருவம் வீணான பிறகு மாற்றிக்கொண்டேன். நம் ஊரில் முதல் கேள்வி இரவு.

தக்காளிப் பூ பிஞ்சாக மாற, இரவு வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் உத்தமம். இரவு 22, 23 டிகிரியைத் தாண்டத் தாண்ட மகரந்தம் பலவீனமாகி, பூ காம்போடு உதிர ஆரம்பிக்கும். பகல் 35-ஐத் தொட்டாலும் இதே கதைதான். சென்னையில் டிசம்பர், ஜனவரியிலேயே சராசரி இரவு வெப்பம் 21 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது, மார்ச்சில் 24-ஐ நெருங்கிவிடுகிறது. கோயம்புத்தூருக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி சலுகை. ஓசூர், பெங்களூரு பக்கம் ஜனவரி இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்.

பூத்த நாளிலிருந்து பழுக்கும் நாள்வரை செர்ரித் தக்காளிக்கு 35 முதல் 45 நாள் போதும். கால் கிலோ எடைக்கு வரும் பெரிய ரகங்களுக்கு 50 முதல் 60 நாள் வேண்டும். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே, கார்த்திகைத் தொடக்கத்தில் நாற்று நட்டால், மாசி முடிவதற்குள் பிஞ்சு பிடித்ததுதான் நம் கணக்கு. அதற்குப் பின் வரும் பூ கண்ணுக்கு அழகு.

இரண்டாவது, எடையும் காற்றும். 12 அங்குல விட்டமும் உயரமும் கொண்ட வளர்ப்புப் பையில் ஏறக்குறைய 20 லிட்டர் மண் கலவை பிடிக்கும். 15 அங்குலப் பை என்றால் 40 லிட்டரைத் தாண்டும். தென்னைநார்க் கழிவு கலந்திருந்தாலும், தண்ணீர் ஊற்றியபின் அதை ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. அதன் மேல் ஆறடிக் கொடி நின்றால் மொட்டைமாடிக் காற்றுக்கு அது ஒரு பாய்மரம்.

மூன்றாவது, உங்கள் கை. வாரத்தில் எத்தனை நாள் மாடிக்குப் போவீர்கள்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? தக்காளி பூத்துப் பிஞ்சு பிடிப்பது சரியாக அந்த வாரம்தான்.

நான்காவது, அடுப்பு. தினம் ரசத்துக்கு இரண்டு பழம் வேண்டுமா, ஒரே நாளில் தொக்குக் கிளற மூன்று கிலோ வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

## மூன்றும் எப்படி வேறுபடுகின்றன

கொடி வகையில் மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து என்ற கணக்கில் தண்டு போய்க்கொண்டே இருக்கும். நுனி நிற்பதே இல்லை. விதைப் பாக்கெட்டில் இதை இன்டிட்டர்மினேட் என்று போட்டிருப்பார்கள்.

செடி வகை, அதாவது டிட்டர்மினேட், பூங்கொத்துகளுக்கு இடையே ஒன்றிரண்டு இலைகளே விட்டு, கடைசியில் நுனியிலேயே பூத்து முடித்துக்கொள்ளும். 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வயலில் தானாகத் தோன்றிய மரபணு மாற்றம் இது. தன்னைத் தானே கவாத்து செய்துகொள்ளும் செடி என்ற பொருளில் அந்த மரபணுவுக்குப் பெயரும் வைத்தார்கள். இயந்திர அறுவடை முதல் கெட்சப் தொழிற்சாலைவரை இன்று நடப்பது அந்த ஒரு மாற்றத்தின் தயவில்தான்.

குட்டை வகை வேறு சமாசாரம். தண்டு நீள உதவும் ஹார்மோன் ஒன்று குறைவாகச் சுரப்பதால் கணுக்கள் நெருங்கி நிற்கும். தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருக்கம் விழுந்து முரட்டுத் துணிபோல இருக்கும். பெரும்பாலானவற்றின் குணம் கொடியுடையதுதான், தொடர்ந்து வளர்ந்து தொடர்ந்து காய்க்கும். ஆனால் கொடி ஆறடி போகும் காலத்தில் இது மூன்றடி, மூன்றரை அடி போகும். பழம் சிறுக்காது. ஆறுமுழ வேட்டியை மடித்துக் கட்டியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் அரைக்கொடி என்று ஒன்றும் உண்டு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் அந்த ரகம். இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். நோயால் இரண்டு வருடம் நொந்துபோனவர்கள் மற்ற எதையும் யோசிக்காமல் இதை வைக்கலாம். சிறப்பு ரகம் என்று பீற்றிக்கொள்ள முடியாது, ஆனால் பழம் கிடைக்கும்.

## கொடித் தக்காளி

ருசியில் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு பழத்துக்கு இருக்கும் இலையின் பங்கு அதிகம் என்பதால் சர்க்கரையும் அதிகம் சேர்கிறது. நிறம், வடிவம், மணம் என்று எதைத் தேடினாலும் கொடியில்தான் அதிக ரகங்கள். செரோக்கி பர்பிள் பழத்தை அறுத்தால் உள்ளே ஒயின் நிறம். கிரீமியாவிலிருந்து வந்த பிளாக் கிரிமில் லேசான உப்புக் கரிப்புகூடத் தெரியும்.

கேட்கும் விலையும் அதிகம். ஒரு கொடிக்கு 15 அங்குலப் பை, குறைந்தது ஆறடி மூங்கில் அல்லது சவுக்குக் கொம்பு, சணல் கயிறு. இலைக்கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளை வாரம் இரண்டு முறை கிள்ள வேண்டும். ஒரு வாரம் விட்டீர்களானால் எது தண்டு, எது கிளை என்று உங்களுக்கே தெரியாது. (கிள்ளியதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். இரண்டாவது செடி இலவசம்.) பிப்ரவரி வெயிலில் நன்கு வளர்ந்த ஒரு கொடி என் மாடியில் தினம் மூன்று லிட்டர் குடித்தது.

இதெல்லாம் வெளியே தெரிகிற செலவு. தெரியாத செலவு நாட்காட்டியில் இருக்கிறது. பிராண்டிவைன் மாதிரிப் பெரிய ரகம் நட்ட 80 நாளுக்குமேல்தான் முதல் பழம் தரும். கொடியின் பெருமையே ஆறு மாதம் விடாமல் காய்ப்பது. சென்னையில் அந்த ஆறு மாதத்தில் பாதி மழை, பாதி வெயில். பிப்ரவரி ஆரம்பத்தில் முதல் பழம் பறித்து, மார்ச்சில் பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஆறு மாதத்துக்கான கொம்பும் பந்தலும் கட்டி, ஐந்து வாரம் காய் பறிக்கிற கதை. அதிலும் பிராண்டிவைன் வெப்பத்தில் பிஞ்சு பிடிக்காததற்குப் பேர்போனது. நான் வைத்த இரண்டு கொடியில் மொத்தம் நாலு பழம்.

இன்னொன்று, பழைய பாரம்பரிய ரகங்களில் இலைச்சுருள் நோய்க்கு எதிர்ப்பே கிடையாது. வெள்ளை ஈ ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் நச்சுயிரியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் எல்லாம் ஈயைத்தான் விரட்டும், நோயை விரட்டாது. அறுபது நாள் வளர்த்த கொடியைப் பிடுங்கும்போது வரும் வயிற்றெரிச்சலைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கொடியிலேயே செர்ரி வகை இந்தப் பட்டியலுக்கு விலக்கு. ஜப்பானில் உருவான சன்கோல்ட், மஞ்சள் பேரிக்காய் வடிவ எல்லோ பேர் இவை கொத்துக்குப் பத்து இருபது பூ விடும். வெப்பத்தில் பாதி உதிர்ந்தாலும் மீதி பாதி இருக்கிறதே. சன்கோல்டில் முதல் பழமும் நட்ட 60, 65 நாளில் வந்துவிடும். குறை என்னவென்றால் சன்கோல்ட் கலப்பினம், விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே பழம் வராது. தண்ணீர் ஒழுங்கு தவறினால் தோல் வெடித்துக்கொள்ளும். சாம்பாருக்கு உதவாது, வீட்டுப் பிள்ளைகள் மாடியிலேயே தின்று தீர்த்துவிடுவார்கள்.

## செடித் தக்காளி

நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 இந்த வகை. தேனிக்குப் பக்கத்து அன்னஞ்சி உள்ளூர் ரகத்தில் மரபணு மாற்றத்தைத் தூண்டி எடுத்தது. காம்படியில் பச்சைத் தோள் தெரியும், தட்டையுருண்டை, புளிப்பு. சந்தையில் நாட்டுத் தக்காளி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சாயல். வெளிநாட்டு ரகத்தில் ரோமாவைச் சொல்லலாம், சதைப்பற்று அதிகம், தண்ணீர் குறைவு.

12 அங்குலப் பை போதும். மூன்றடிக் குச்சி ஒன்று. பக்கக் கிளையைக் கிள்ளும் வேலை கிடையாது, கிள்ளவும் கூடாது. இதில் கிளையைக் கிள்ளுவது காயைக் கிள்ளுவது. கொடியைப் பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு ரோமாவில் கத்தரிக்கோல் வைப்பவர்கள் பலர், பிறகு காய்ப்பே இல்லை என்பார்கள்.

காய்ப்பு நாலைந்து வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர் காலம் குறுகிய ஊருக்கு இந்த அவசரம் வரம். ஜனவரியில் ஆரம்பித்து, வெயில் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறது. தொக்கு, ஊறுகாய், வெயிலில் காயவைத்த வற்றல் இதெல்லாம் செய்கிற வீட்டுக்கு இதுதான் சரி.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆள் தேட வேண்டும். மூன்று வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணையாக விதைத்தால் சமாளிக்கலாம். இரண்டு, ரோமா மாதிரி நீளப் பழங்களில் அடிப்பக்கம் கறுத்து அழுகும் குறை அடிக்கடி வரும். சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேராததுதான் காரணம். மண்ணில் சத்து இருந்தும் போகாது, ஒரு நாள் குளம், மறுநாள் காய்ச்சல் என்று தண்ணீர் ஊற்றினால். முட்டை ஓட்டைத் தேடி ஓடுவதற்கு முன் தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள். ஓடு மக்கிச் சத்து இறங்குவதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும்.

நிறத்துக்கும் விசித்திரத்துக்கும் ஆசைப்படுபவர்களுக்குச் செடி வகையில் தேர்வு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

## குட்டைத் தக்காளி

கொடியின் ருசி, செடியின் உயரம் இரண்டும் ஒரே பையில் வேண்டும் என்று கேட்பவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். 2005 வாக்கில் அமெரிக்காவில் ஒருவரும் ஆஸ்திரேலியாவில் ஒருவருமாகச் சேர்ந்து, வீட்டுத் தோட்டக்காரர்களை வைத்தே ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். பழைய குட்டை ரகங்களைப் புகழ்பெற்ற கொடி ரகங்களோடு சேர்த்தார்கள். வடக்கே குளிர்காலம் வந்தால் தெற்கே கோடை. விதை மாறி மாறிப் பயணம் செய்து, ஒரே ஆண்டில் இரண்டு தலைமுறை பார்த்துவிட்டது. சம்பளம் வாங்காத ஆட்கள் செய்த வேலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் வெளிவந்திருக்கின்றன. ரொசெல்லா பர்பிள், டாஸ்மேனியன் சாக்லேட் இரண்டும் அந்த வழி வந்தவை. கலப்பினம் அல்ல, குணம் நிலைப்பட்டவை. விதையைப் புளிக்கவைத்துக் கழுவிக் காயவைத்தால் அடுத்த வருடத்துக்கு ஆயிற்று.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது என் மாடியில் மூன்று வகையும் இருந்தன. குட்டைப் பைகளை மாடிப்படி அறைக்குள் இழுத்துப் போட முடிந்தது. செடிகள் சாய்ந்து, பிறகு எழுந்தன. கொடிகளைக் கொம்போடு சேர்த்து அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். மாடிக் காற்றுக்குக் குட்டைதான் என்பது அன்று முடிவான விஷயம்.

குறை இல்லாமலா? முதல் ஒரு மாதம் வளர்ச்சி மந்தம், நாற்று செத்துவிட்டதா என்று சந்தேகம் வரும். இலை அடர்த்தியில் காற்றோட்டம் குறைந்து மாவுப்பூச்சிக்குக் குடித்தனம் நடத்த வசதியாகிவிடும், அடி இலைகளைக் கழித்துவிட வேண்டும். பெரிய பழம் தரும் குட்டைகளுக்கும் இரவு வெப்பப் பிரச்சினை உண்டு, உயரம் குறைந்ததால் வெயில் குறைவதில்லை. ஆனால் அதற்காக நீங்கள் கட்டிய பந்தலும் சுமந்த மண்ணும் குறைவு. தோற்றாலும் சின்னத் தோல்வி.

குட்டையிலும் குட்டையாகச் சில உண்டு. டைனி டிம், ரெட் ராபின், மைக்ரோ-டாம் எல்லாம் ஒன்று, ஒன்றரை அடிக்குள் நிற்பவை, ஆறு அங்குலத் தொட்டியிலேயே காய்க்கும். அடுக்குமாடி வீட்டு பால்கனியில் நாலைந்து மணி நேர வெயில்தான் விழுகிறது என்றால் இவற்றைப் பார்க்கலாம். ருசி சுமார்தான். ஜன்னலோரம் சிவப்பாகப் பழம் தெரிவதற்காக வைப்பது.

## ஒரே பார்வையில்

| | பெரிய பழக் கொடி | செர்ரிக் கொடி | செடி | குட்டை |
|---|---|---|---|---|
| உயரம் | 6 அடிக்கு மேல் | 6 அடிக்கு மேல் | 2–3 அடி | 2–4 அடி |
| பை | 15 அங்குலம் | 15 அங்குலம் | 12 அங்குலம் | 12 அங்குலம் |
| நட்டபின் முதல் பழம் | 75–90 நாள் | 60–65 நாள் | 65–75 நாள் | 70–80 நாள் |
| காய்ப்பு | வெயில் வரும்வரை | வெயில் வந்தபின்னும் கொஞ்சம் | 4–5 வாரம், மொத்தமாக | வெயில் வரும்வரை |
| பக்கக் கிளை | வாரம் இருமுறை கிள்ள வேண்டும் | கிள்ளலாம், விடலாம் | தொடக் கூடாது | தேவையில்லை |
| புயல் காற்று | மோசம் | மோசம் | பரவாயில்லை | நல்லது |
| சமையல் | பச்சையாகச் சாப்பிட | கொறிக்க | தொக்கு, சாம்பார் | பச்சையாக, ரசத்துக்கு |

## யாருக்கு எது

ஓசூர், பெங்களூரு, ஏற்காடு மாதிரி இரவு குளிரும் இடத்தில் தரையில் தோட்டம் இருந்தால் பெரிய பழக் கொடியை வையுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், நானே விதை தருவேன். ஊட்டி என்றால் டிசம்பர், ஜனவரி உறைபனி போன பிறகு.

சென்னை, கடலூர், திருச்சி மொட்டைமாடியில் முதல் முறை வைப்பவர் செடியில் தொடங்குவது நல்லது. இரண்டாம் வருடம் குட்டை. ஒரு கொடியாவது வேண்டும் என்றால் அது செர்ரியாக இருக்கட்டும். பெரிய பழக் கொடியை வைத்தே தீருவேன் என்பவர்கள் ஆவணியிலேயே நாற்று விட்டு, மழையில் கூரைக்குக் கீழே பெரிய தொட்டியில் வளர்த்து, கார்த்திகையில் வெளியே கொண்டுவந்து, மாசி பிறந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இருக்கிற காயாவது பெருக்கும். மார்ச்சில் பழம் தோள்பக்கம் மஞ்சளாகவே நின்றால் நோய் என்று பயப்பட வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் சிவப்புச் சாயம் சரியாக ஊறாது, பறித்து வீட்டுக்குள் வைத்தால் நிறம் ஏறும்.

வாரக் கடைசியில் மட்டும் மாடிக்குப் போகிறவர் கொடிப் பக்கமே போகாதீர்கள்.

விலைவாசிக்குப் பயந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள் அல்லவா, அந்த மாதம் எத்தனையோ பேர் விதை வாங்கினார்கள். ஜூலையில் சென்னை மாடியில் எந்தத் தக்காளியும் ஒழுங்காகக் காய்க்காது. நம் மாடியில் காய்க்கும் பிப்ரவரியில் சந்தையிலும் அநேகமாகக் கொட்டிக் கிடக்கும். காசு மிச்சம் பிடிக்கத்தான் என்றால் தக்காளி வேண்டாம், கீரை போடுங்கள்.

## பாக்கெட்டில் இருப்பது அதுதானா

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் குட்டைத் தக்காளி என்று வாங்கிய விதை என் மாடியில் ஐந்தடி தாண்டியது. கேட்டதற்கு "உரம் அதிகமாயிடுச்சு" என்றார்கள். உரம் போட்டுக் குட்டையைக் கொடியாக்க முடியாது.

குட்டையை நாற்றிலேயே கண்டுபிடித்துவிடலாம். மூன்று நாலு வாரத்தில் தண்டு பென்சில் மாதிரித் தடித்து, இலை சுருக்கம் விழுந்திருக்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் சில நாற்று மெலிந்து நெடுநெடுவென்று போனால் அவை குட்டை அல்ல, 12 அங்குலப் பைக்கு மாற்றும் முன்பே பிரித்துவிடுங்கள். கொடிக்கும் செடிக்கும் நாற்றில் வித்தியாசம் தெரியாது. முதல் இரண்டு பூங்கொத்து வரும்வரை பொறுத்து, நடுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். மூன்று என்றால் கொம்பு வாங்கக் கிளம்புங்கள்.

இந்த வருடம் என் பத்துப் பைகளில் நாலு பி.கே.எம்.1, மூன்று ரொசெல்லா பர்பிள், இரண்டு சன்கோல்ட், ஒன்று பிளாக் கிரிம். மேலே எழுதிய கணக்குப்படி அந்தப் பத்தாவது பை தண்டம். போன தை மாதம் அதில் பறித்த ஒரே ஒரு பழத்தை அறுத்து, உப்புத் தொட்டு என் மாமியாரிடம் கொடுத்தேன். இந்த வருடம் அவரே பையில் மண் நிரப்பி வைத்துவிட்டார்.